தீப்பெட்டிச் சுவர்

16 மே 1987, சனி

என் வில்லாளி சாகவில்லை. ஜெரோம் செத்துவிட்டதாகச் சொல்கிறான். லீவு முழுக்க நான் வளர்த்த ஆள், விடமாட்டேன்.

தன் பெங்களூர் மாமா கொடுத்த அந்தக் கதை விளையாட்டை ஜெரோம்தான் நடத்துகிறான். ஆளுக்கொரு வீரன், அவன் விவரமெல்லாம் ஒரு தாளில்; பகடை உருட்டித்தான் எய்யவேண்டும். எதிரிகள் புளியங்கொட்டை, கோட்டைச் சுவர் தீப்பெட்டி. எய்கிறவனுக்கும் எதிரிக்கும் நடுவே நூல் பிடிப்போம். சுவரில் தட்டினால் அம்பு படாது. என் ஆள் சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்றிருந்தான்.

சாயங்காலம் என் முறை வந்தபோது கரண்ட் போனது. ஜெரோமின் அம்மா விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்துப் போய்விட்டார். விளக்கு வந்ததும் ஜெரோம் எதிரியிடமிருந்து நூலைப் பிடித்தான்.

"எதுவும் தட்டல பாரு. உன் ஆளு காலி."

"சுவத்த உங்கம்மா தூக்கிட்டுப் போயிட்டாங்கடா."

"மேசை மேல இருக்கறதுதான் கணக்கு."

கூட விளையாடிக்கொண்டிருந்த ரஃபீக் சிரித்தான். "கோட்டையவே சமையக்கட்டுக்கு கொண்டுபோயிட்டாங்க."

"சரிடா, சுவரு இல்ல. அப்போ எனக்கும் அவன் தெரியறான். என் முறை, நான் மொதல்ல எய்யறேன்" என்றேன்.

"சுவத்துக்குப் பின்னால இருந்துக்கிட்டு எப்பிடிடா எய்வ?"

சொன்ன பிறகுதான் ஜெரோமுக்கே உறைத்தது. ரஃபீக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் ஆளின் தாளைக் கிழிக்கக் கேட்டான். நான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்குப் பூசை முடிந்ததும் போவேன். அவன் விளையாட்டு, அவன் மேசை, அவன் வீடு. இருக்கட்டும். பகடையை முதலில் உருட்டப்போவது நான்தான்.