பாட்டுப் பெட்டி பேசாத நாள்

தோஹாவில் இருக்கும் அருமை மகன் அலி அஸ்கருக்கு, உன் உம்மா ரைஹானத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் மேலப்பாளையத்தில் நானும் என் புது முட்டியும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். போனில் என்னைப் பேச விடாமல் "டிக்கெட் போடுதேன், இங்க வந்திருங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறாய். அதனால்தான் அங்கே வரும் சுபைதா பேகம் மகனிடம் பருப்புப்பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உன் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கால் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போக வேண்டும், ஆட்டோ குலுக்கலை முட்டி தாங்கவில்லை, மினிபஸ்ஸில் நிற்கவும் பயம். தனியாகப் போய்வர முடியாவிட்டால் உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் உன் பன்னிரண்டாம் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது, நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. இங்கே மினிபஸ் கண்டக்டர் செந்தூர்பாண்டி இருக்கிறானே, நான் ஏறினால் போதும், அந்தப் பழைய பாட்டைப் போட்டுவிடுவான். "ஒதுங்கிக் கொஞ்சம் இடம் கொடு தம்பி, உலகம் எல்லாருக்கும் வீடு தம்பி" என்று அது ஆரம்பித்ததும், செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்த காலேஜ் பிள்ளைகள் நெளிவார்கள், அப்புறம் ஒருத்தன் எழுந்துவிடுவான். வாயால் சொன்னால் கேட்காதவர்கள் பாட்டு சொன்னால் கேட்கிறார்கள், என்ன மாயமோ. ஒருநாள் நாலு பேர் ஒன்றாக எழுந்து, எங்கே உட்காருவது என்று எனக்கே குழப்பம்.

போன வியாழக்கிழமை ஏறுகிறேன், பாட்டுப் பெட்டி ரிப்பேர். ஒருத்தரும் அசையவில்லை. செந்தூர்பாண்டி பாவமாக என்னைப் பார்க்கிறான். கால் கடுக்கிறது, தோஹா கண்ணில் தெரிகிறது. வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே அந்தப் பாட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன் மகனே. உன் வாப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பஸ்ஸே சிரித்தது, இடமும் கிடைத்தது, நானும் விடாமல் படித்துக்கொண்டே வந்தேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயில் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது, சொல்லு. எழுந்துவிட்டேன். செந்தூர்பாண்டி பதறி, "நீங்க இருங்கம்மா, காலு வலிக்கும்லா" என்றான்.

"பாட்டுப் படிச்சது நான்லா" என்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை நின்றே போனேன். இறங்கும்போதுதான் நினைப்பு வந்தது, முட்டி வலிக்கவே இல்லை.

பேத்திக்குச் செல்போனைக் காட்டிச் சோறு ஊட்ட வேண்டாம், பாட்டுப் படித்து ஊட்டச் சொல். உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். மறந்துவிடாதே, டிக்கெட்டை எனக்குப் போடாதே, நீங்கள் மூணு பேரும் இங்கே வரப் போடு. மினிபஸ்ஸில் உங்களுக்கு இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நின்றுகொண்டே ஊர் சுற்றும் உன் உம்மா
ரைஹானத்