வாளியில் கரைந்த மலை

அத்தா,

கஞ்சி போட்ட துணி ஒன்றை இன்று தையல் கடையில் ஊறவைத்து மறந்துவிட்டேன். அலசும்போது புளித்த வாடை மூக்கில் ஏறியது. எண்பத்தெட்டில் உங்கள் வரைபடத்தைத் துவைத்தபோதும் இதே வாடைதான்.

போப்பா எரிமலைக் காட்டின் படம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து, கஞ்சிப் பசையால் துணியில் ஒட்டியது. மரக்கம்பெனியை மூடியபோது, அங்கே குமாஸ்தாவாக இருந்த நீங்கள் வேறு எதுவும் கேட்காமல் அதை மட்டும் வாங்கி வந்தீர்கள். மரம் இழுத்த தடங்கள், ஓடைகள், மலைச்சரிவில் நீங்கள் போட்ட ஒரு பென்சில் குறி. காய்ச்சலில் மௌத்தான உங்கள் அண்ணன், பெரியத்தாவை அங்கேதான் அடக்கியிருந்தீர்கள். "கால் நல்லா இருக்கும்போதே ஒரு தடவ போயி அண்ணனுக்காக யாசீன் ஓதணும்" என்பீர்கள்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வருடம், எதிர்த்து நின்ற மாணவர்கள் காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். காட்டுப் படம் வைத்திருப்பவனை, வழிகாட்டுகிறவன் என்று பிடித்துப் போவதாகப் பேச்சு. நீங்கள் போட்டாதாங் கப்பல் துறையில் வேலையாக இருந்தீர்கள். கீழ்வீட்டு டோ செய்ன் ஓடிவந்து, பட்டாளம் நம் லான்மடாவ் தெருவில் வீடு வீடாகச் சோதனை போடுகிறது என்றார். எரித்தால் நம் மூன்றாம் மாடியிலிருந்து புகை தெரியும். எனக்குத்தான் தையல்காரி புத்தி ஆயிற்றே. துணிப் பஞ்சத்தில் பழைய வரைபடங்களை ஊறவைத்து, காகிதத்தை உரித்துவிட்டுத் துணியில் சட்டை தைத்தவள். வாளியில் முக்கித் தேய்த்தேன். மலை கூழாகிக் கரைந்தது. பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது. பென்சில் குறி இருந்த மூலை மட்டும் வருவேனா என்றது. நகத்தால் சுரண்டினேன்.

சத்தம் இரண்டாம் மாடியில் நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

நீங்கள் வந்து, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"வந்தாங்களா?"

உங்கள் முகத்தைப் பார்த்தபின் உண்மை சொல்லத் தைரியம் இல்லை. "வந்தாங்க அத்தா. பொட்டியெல்லாம் கொட்டிப் பாத்தாங்க" என்றேன்.

சில வருடம் கழித்து போப்பாவுக்குப் போனீர்கள். மூன்று நாள் தேடியும், படம் இல்லாமல் எந்தச் சரிவென்று தெரியாமல், மலையடிவாரத்தில் நின்று பொதுவாக ஓதிவிட்டுத் திரும்பினீர்கள். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் போகட்டும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவ இல்லேன்னா நான் ஜெயில்லதான் செத்திருப்பேன்" என்று பெருமை வேறு. ஒவ்வொரு முறையும் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

நீங்கள் மௌத்தானபோது மய்யித்தைப் பார்க்க வந்தவர்களும் அதையே சொல்லி என்னைத் தேற்றினார்கள். முகத்தை மூடுமுன் உங்கள் காதிலாவது சொல்லியிருக்கலாம், அன்று நம் வாசலை யாரும் மிதிக்கவில்லை என்று. நான் அவர்கள் சொன்னதற்குத் தலையைத்தான் ஆட்டினேன்.