அப்பாவுக்காகச் செய்த சோப்பு டப்பா

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பாடு, தூக்கம், சண்டை எதற்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. இருமல் போய்விட்டதா? இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனில் இருமினாய், எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா. இந்த வீட்டில் காது கேட்காதவர் நான் இல்லை. ஆமாம், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் போனில் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மாவிடம் பேசு என்று போனை என் கையில் திணித்துவிடுகிறாரே, அவ்வளவு தூரம் வேலைக்குப் போனதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் என்று நீயாக ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறாய். போன வாரம் “அப்பாவுக்கு என்மேல் கோபம் தீரவே தீராதா” என்று கேட்டாயே, அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கோபம் ஒரு மண்ணும் இல்லையடா. காது போய்க்கொண்டிருக்கிறது. மிஷின் வைத்துப் பார்த்தாயிற்று, எதிரில் நின்று பேசினால் பாதியைப் பிடித்துக்கொள்கிறார், போனில் வரும் குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் குழம்பிப்போகிறதாம். உன் சிநேகிதனுக்கு விபத்து என்று நீ சொன்னபோது இவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவைத்தார், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகுதான் போன் என்றாலே பயம்.

அதோடு அவருடைய ஹாம் ரேடியோப் பேச்சும் போயிற்று. சாயங்காலமானால் ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், மரத்தில் ஏரியல் கம்பியை வீசிக் கட்டி, முகம் தெரியாத யாரோடோ அரட்டையடித்துவிட்டு வருவாரே, அந்த மனிதர் ரேடியோமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருடைய ரேடியோக் கூட்டாளி, தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்து, இப்போதெல்லாம் வாயும் வேண்டாம் காதும் வேண்டாம், டேப்லெட்டில் எழுத்தைத் தட்டினால் அது சீட்டியடிப்பதுபோல் ஒரு ஒலியாக மாறி ரேடியோ வழியாகப் போகும், அந்தப் பக்கம் திரும்பவும் எழுத்தாகவே தெரியும் என்றார். இரண்டையும் நேராக ஒயரால் இணைத்தால் இரைச்சல் கலந்துவிடும், நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும், கடையிலேயே கிடைக்கும் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கடையில் எதற்கு, நாமே செய்யலாம் என்றார். நாமே என்றால் யார், நான்தான். அவர் கைதான் நடுங்குகிறதே. பள்ளிக்கூட லேபில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு இப்போதுதான் வீட்டில் மதிப்பு வந்தது.

செத்துப்போன பழைய மோடத்தைப் பிரித்து அதிலிருந்து இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தோம். அவை இருந்தால் ஒலி மட்டும் தாண்டும், மின்சாரம் தாண்டாது என்று அப்பா படம் போட்டுக் காட்டினார். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஒலி போகிறதா என்று கேட்டுப்பார்க்க ஒரு இயர்போன் துளை, எல்லாவற்றையும் அடக்க நீ படிக்கும்போது விடுதிக்கு எடுத்துப்போன நீல சோப்பு டப்பா. சமையலறை மேசையில் மத்தியான வெயில் விழுந்துகொண்டிருக்கும், நான் பற்றவைப்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து ஒயரைப் பிடித்துக்கொள்வார். ஈயப் புகை வெயிலில் மெல்ல ஏறிக் கலையும், அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் எவ்வளவோ நேரம் இருந்திருக்கிறோம். டப்பாவைத் திறந்தால் இன்னும் சோப்பு வாசனை, கனவில் யாரோ குளித்துவிட்டுப் போனதுபோல.

ஆனால் ஏரிக்கரையில் வேலைக்கு ஆகவில்லை. தினமும் போவோம், தினமும் அனுப்புவார், ஒருவரும் பதில் போடவில்லை. டேப்லெட் திரையில் ஊர் உலகமெல்லாம் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும், இவரை மட்டும் யாரும் சட்டை செய்யவில்லை. ஒருநாள் கம்பியைச் சுற்றிக்கொண்டே, “எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன், என் சத்தமும் யாருக்கும் கேக்கல போலிருக்கு” என்றார். என் பற்றவைப்பில்தான் கோளாறு என்று நான் டப்பாவை இரண்டு தடவை பிரித்துக் கோர்த்தேன். கடைசியில் மருந்துக்கடைக்காரர் தன் கடையில் வைத்திருக்கும் ரேடியோவில் இவர் அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து சிரியாய்ச் சிரித்தார். மெல்லிய கோடாக விழவேண்டிய ஒலி, மை கொட்டியதுபோல் திரை முழுக்க அப்பிக்கிடக்கிறதாம். என்ன செய்திருக்கிறார் தெரியுமா உன் அப்பா? இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் காதுக்குக் கேட்கும்வரை திருகைத் திருகியிருக்கிறார். அவர் காதுக்குக் கேட்பதென்றால் மற்றவர்களுக்கு அது காட்டுக்கத்தல், ஒரு எழுத்தும் தேறாது. நான் மருந்துக்கடைக்காரரை வைத்துக்கொண்டு சரியான அளவு பார்த்து, திருகின் தலையைப் பிடுங்கிவிட்டு நகப்பூச்சு ஊற்றி அசையாமல் செய்துவிட்டேன். இயர்போனும் கிடையாது, அனுப்பும்போது ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதை நம்புங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

நேற்றுச் சாயங்காலம் ஏரி முழுக்க மஞ்சள் வெளிச்சம், தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியவில்லை. விளக்கு எரிந்தது, அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய ரேடியோப் பெயருக்கு, அந்த அழைப்புக்குறிக்கு, பதில் வந்தது, பின்னாலேயே இன்னொன்று, யார் யாரோ, எந்தெந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ. இவருடைய ஒலி எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்ட ஒரு வரைபடம் உண்டு, அதைத் திறந்தார். புள்ளி புள்ளியாக வந்துகொண்டே இருந்தது. உன் ஊரிலும் ஒரு புள்ளி. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் தன் ரேடியோவைத் திறந்துவைத்திருக்கிறான். அப்பா அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை, நான் காசநோய்க்காரிபோல் செருமிச் செருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கம்பியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வாசல் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னார், “ஞாயித்துக்கெழம அவன் கூப்பிட்டா எங்கிட்ட குடு. எனக்குக் கேக்காது. அவனுக்குக் கேக்கும்ல?”

அதனால் வாண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை முதலில் அவர்தான் எடுப்பார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, நீ சொல்லும் பதிலுக்கு நிற்காமல் மேலே பேசிக்கொண்டே போவார், சம்பந்தமில்லாமல்கூடப் பேசுவார். குறுக்கே கத்தாதே, உனக்குச் சொல்லவேண்டியதைத் தட்டி அனுப்பு, நான் பக்கத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே விழுங்காதே, இருமலுக்கு டாக்டரிடம் போ. நீ எங்கே இருந்தாலும் நல்லவர்கள் கண்ணில் படவேண்டும், நோய்நொடி உன் பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது. ஒன்று மட்டும் மறக்காதே, அவர் பேசி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே. ஒரு வருஷத்துப் பேச்சு சேர்த்துவைத்திருக்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா