பூநாரைக்கும் பாடு

செவ்வாய் இரவு

பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

அஞ்சலை அக்கா வருடக்கணக்காக ஏரியில் பறவைகளைப் பார்த்து, எங்கள் பறவை ஆர்வலர் சங்கத்துக்குச் சும்மாவே கணக்குச் சொல்லிவந்தாள். அவளுக்குக் கூலி தரவேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டவள் நான்தான். கூலி வந்தது. உடனே குப்பத்துப் பெரியவர்கள் கூடி, ஏரியில் வலை போடுவதற்கு இருப்பதுபோல இதற்கும் வீட்டுக்கு ஒரு நாள் பாடு, அன்றைய கூலி அந்த வீட்டுக்கு என்று முறை வைத்துவிட்டார்கள்.

இன்று படகுத்துறையில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே பூநாரைக் கூட்டம் போனது.

“எவ்ளோ இருக்கும்க்கா?”

அவள் நிமிரவேயில்லை. “இன்னிக்கு மல்லிகா பாடு. அவளாண்ட கேளு.”

“அவங்க ஊட்ல தூங்குறாங்களே.”

“தூங்கட்டும். அவ நாள்ல நான் பாத்தா அவ வலையில கை வெச்சா மாதிரி. இன்னாமா, படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாதா?” என்று சிரித்தாள்.

கூலியை நிறுத்தச் சொல்லலாம், பாடும் போய்விடும். மல்லிகா அக்கா என்ன பாவம் செய்தாள்?

போன வருடம் பூநாரைகள் வந்த அன்று அஞ்சலை அக்காவே போன் பண்ணி, “வந்துட்டாங்கோ உன் ஆளுங்கோ, ஓடியா!” என்று கத்தினாள். அப்போது எல்லா நாளும் அவள் நாளாக இருந்தது.