ராணிக்குச் சங்கிலி இல்லை

இன்று காலையும் தைத்து வைத்த ரவிக்கையில் ராணியின் முடி. நீலப் பட்டில் பழுப்பு முடி எப்படித் தெரியும், நீயே சொல். வாங்க வந்த அம்மாள் முகத்தைச் சுளித்தார். முடியைத் தட்டிவிட்டு ரவிக்கையை நீட்டி, நாய் வளர்க்கும் வீட்டில் முடி இருக்கத்தான் செய்யும், வேண்டாமென்றால் வேறு கடை பாருங்கள் என்றேன். அவர் போனதும் சிரிப்பு வந்தது, கூடவே உன் ஞாபகமும் வந்தது. அதனால்தான் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். உன்னிடம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்தில் இந்த வீட்டில் நீ மாடி, நான் கீழே. பதினோரு வருஷம். அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை நீ தூக்கிவந்த அன்று நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். காது விறைத்துக்கொண்டு அது என்னைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்கும். வளர்ந்த பிறகு இன்னும் மோசம். தெருப் பிள்ளைகள் ஓடினால் சுற்றிச் சுற்றி வந்து, முட்டி முட்டி எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். கடிக்க வருகிறது என்று தெருவே உன்னோடு சண்டைக்கு வந்தது. நீ அசரவில்லை.

"ஆடு மேய்க்கப் பொறந்ததுடி அது. நாம எதுனா வேலை குடுக்கணும். இல்லனா அதுவே ஒண்ணு தேடிக்கும்" என்றாய். பந்தை ஒளித்து வைத்துத் தேட விட்டாய். பால் பையைத் தூக்கிவரப் பழக்கினாய். தெரு அடங்கியது. நான் மட்டும் அடங்கவில்லை, கம்பிக்குப் பின்னாலேயே நின்றேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இதுதான்: "உன்னால முடியாதுடி. ராணிய எங்க அண்ணன்கிட்ட குடுத்துடு. அங்க எடம் இருக்குது." நான் தலையாட்டினேன். படுத்துக் கிடப்பவளிடம் என்ன சண்டை போடுவது?

ஆனால் நீ போனதும் அதை அனுப்ப மனம் வராமல், பயந்துகொண்டே கீழே என்னோடு வைத்துக்கொண்டேன். என்னால் முடியாது என்று நீ சொன்னதை நிரூபிப்பது போலவே முதலில் நடந்துகொண்டேன், மறைக்கவில்லை. நீ போன பிறகு வந்த கத்திரி வெயிலில் ராணி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டே கிடந்தது. வேர்க்குரு வந்தால் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசுவோமே, அதே நினைப்பு எனக்கு. தெருமுனை சலூன்காரரைக் கூப்பிட்டு மொத்த முடியையும் வழிக்கச் சொன்னேன். சந்தனம் வேறு அரைத்துப் பூசினேன். நாலே நாளில் தோல் சிவந்து வெந்து, முதுகெல்லாம் புண். வாடகை வண்டியில் விழுப்புரம் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடினேன். "வெயிலு படாம காப்பாத்துறதே அந்த முடிதாம்மா. சீவி விடணும், வழிக்கக் கூடாது" என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் அழுதேன். ராணி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது.

செய்தி உன் அண்ணனுக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே விழுப்புரத்திலிருந்து வேனோடு வந்து இறங்கினார். கையில் புதுச் சங்கிலி, என் கட்டைவிரல் பருமன். அவருடைய அரிசி குடோனில் பகலெல்லாம் கட்டிப் போட்டால்தான் வெறி ஏறி நன்றாகக் காவல் காக்குமாம். யாரிடம் சொல்கிறார்! கட்டிப் போட்டால் இந்த இனம் கெட்டுப்போகும், ஆள் துணை இல்லாவிட்டால் ஏங்கியே பாதியாகிவிடும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

"தங்கச்சியே சொல்லிட்டுப் போனதும்மா. நீயே மறிச்சிக்கினு நின்னா எப்படி?" என்றார்.

"எடம் இருக்குதுன்னுதாங்க அவ சொன்னா. சங்கிலி இருக்குதுன்னு சொல்லல. இப்ப அவளே எழுந்து வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேங்க."

வாசலை விட்டு நான் நகரவில்லை. ராணி குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, என் கெண்டைக்காலை முட்டி முட்டி வீட்டுக்குள் தள்ளியது. அதே பழைய முட்டல். உன் அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு சங்கிலியை வேனில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது முடி முழுக்க வளர்ந்துவிட்டது. தினமும் சீவுகிறேன். வழவழத் தரையில் பின்னங்கால் சறுக்கக் கூடாதென்று வீடெங்கும் சாக்கு விரித்திருக்கிறேன். சாப்பிட்டதும் ஓட விடுவதில்லை. எல்லாம் நீ மாடிப்படியில் நின்று கத்தியதுதான், கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டது.

நீ போன புதிதில் நான் மெஷினைத் தொடாமல், குளிக்காமல் படுத்தே கிடந்ததை உன்னிடம் யார் சொல்லியிருப்பார்கள்? ராணிதான் வந்து முட்டும். எழுந்து உட்காரும்வரை விடாது. வாசலுக்குத் தள்ளும், தெருவுக்குத் தள்ளும். அதுவே ஒரு வேலை தேடிக்கொண்டது. அந்த வேலையைப் பிடுங்கி அதை குடோனில் கட்டச் சொன்னாயே, பாவி.

மணி ஐந்து. கெண்டைக்காலில் முட்டுகிறது. நடக்கக் கூட்டிப் போக வேண்டும், வர்றேன். என்னால முடியும்டி.