தேவர்குளம் சாலையில் நின்ற வண்டி

நேற்று திருநெல்வேலிக்குப் போன பஸ் மானூருக்கு முன்னால் நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றினார். நான் ஏறவில்லை. டிரைவர் எஞ்சின் பக்கம் குனிந்து எதையோ தளர்த்தியதும் பச்சை டீசல் வாடை வந்தது. எரிந்த டீசல் நாற்றம் ஊரெல்லாம் இருக்கிறது, அது என்னை ஒன்றும் செய்வதில்லை. இது எரியாத டீசல். சூடேறிய இரும்பின் மேல் சிந்தி, ஆவியாகி மூக்கில் ஏறுகிற வாடை. சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து வந்த பஸ்ஸும் போய்விட்டது. அங்கே உட்கார்ந்துதான் உன்னிடம் மனதுக்குள் பேச ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருடம் படிப்பை விட்டவர்கள். நான் லாரி ஓட்டப் போனேன், நீ லாரியைப் பிரித்துப் போடப் போனாய். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் நீ ஷெட் போட்ட பிறகு எலுமிச்சை ஏற்றுகிற வண்டிகளும் பருத்தி ஏற்றுகிற வண்டிகளும் உன்னைத் தேடித்தான் வந்தன. வந்த வண்டியில் நீ உடனே கை வைக்க மாட்டாய்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி. மொதல்ல புகையப் பாப்போம்" என்பாய்.

கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, இல்லையென்றால் டீசல் அதிகம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் உன் முகம் சுருங்கும், தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பிறகு ஓடுகிற எஞ்சினில், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துவாய். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் படுத்துவிட்டது. "லேசான வேலதாம்லே. வரிசையாப் பாத்துக்கிட்டு வரணும். நடுவுல தாவக் கூடாது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். அந்த வரிசைதான் உன்னைத் தின்றது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஐப்பசி மாதக் காலை. என் மனைவி ஞானத்துக்கு நிறைமாதம். அவளைப் பெண் பார்க்கப் போனபோது எனக்குத் துணையாக வந்தவன் நீதான். விடிந்ததிலிருந்தே அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க வச்சிருக்கக் கூடாது, திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். ஊரில் இருந்த வாடகைக் கார்களெல்லாம் முகூர்த்தத்துக்குப் போயிருந்தன. என் லாரி சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. என் அக்கா கேபினில் ஏறி ஞானத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உன்னை யாரும் கூப்பிடவில்லை. செய்தி கேட்டு நீயாகவே ஷெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாய்.

"நானும் வாரேன். நீ ரோட்டப் பாரு, வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாய்.

பனவடலிசத்திரம் தாண்டினோம். தேவர்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இழுவை குறைந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் எடுக்கவில்லை. இரண்டு தரம் தும்மிவிட்டு நின்றது. பின்னால் புகையே இல்லை. நீ இறங்கும்போதே, "டீசல் வரலலே" என்றாய். அது சரிதான். ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

பானெட்டைத் தூக்கினாய். முதலில் பில்டரைக் கழற்றினாய். அடியில் கலங்கல் இருந்தது. கழுவி மாட்டிவிட்டு, திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினாய். நுரையாக வந்தது, பிறகு தெளிந்தது. வண்டி கிளம்பியது. நீ ஒரு பெருமூச்சு விட்டாய். ஒரு மைல்கூடப் போகவில்லை, திரும்பவும் நின்றது. இந்த முறை டாங்கிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறதோ என்று பார்த்தாய். நூலைச் சுற்றி, சோப்பை அப்பி இறுக்கினாய். திரும்பவும் கிளம்பியது, திரும்பவும் நின்றது. உள்ளே ஞானம் முனகுவதை நிறுத்தியிருந்தாள்.

அக்கா கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே தம்பி, சீக்கிரம் பாருலே. இவ பேச மாட்டேங்கா" என்றாள்.

அப்போதுதான் டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பீடு பம்பைக் கழற்றினாய். உள்ளே வால்வின் ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. மாற்று ஸ்பிரிங் கையில் இல்லை. அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீ நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதிக நேரம் நிற்கவில்லை. தகர டின்னில் டாங்கிலிருந்து டீசல் பிடித்தாய். ரப்பர் குழாயின் ஒரு நுனியை டின்னுக்குள் விட்டு, மறுநுனியை நேராக பில்டரில் மாட்டினாய். பானெட்டைக் கழற்றிப் பின்னால் எறிந்துவிட்டு, மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து டின்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய்.

"மேல இருந்து தானா இறங்கும். மிதிலே" என்று கத்தினாய்.

திருநெல்வேலி வரை அப்படித்தான் வந்தாய். கண்ணாடி வழியே எனக்குச் சாலை பாதி தெரிந்தது, உன் முதுகு பாதி தெரிந்தது. டீசல் சிந்திச் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது உன் முழங்கால் புகைக்குழாயில் பட்டு வெந்தது. நீ டின்னை இறக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. ஞானம் அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

வராந்தாவில் நீ நின்றுகொண்டிருந்தாய். உள்ளேயிருந்து வந்த ஒரு நர்ஸம்மா அக்காவின் கையைப் பிடித்து, "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை, மனசு கேட்காமல் சொன்னாள். நீ அவள் பின்னாலேயே போனாய்.

"எம்புட்டு முன்னாலம்மா?" என்று கேட்டாய்.

அவளுக்குக் காதில் விழவில்லை. அடுத்த அறைக்குள் போய்விட்டாள். நீ அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாய்.

அடக்கம் முடிந்த பிறகு நான் அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நஞ்சுக்கொடி விடியும்போதே விட்டுப்போயிருக்கிறது, வழியில் நிற்காமல் வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். அதை உன்னிடம் வந்து சொன்னேன். "உனக்காகச் சொல்லியிருப்பாவ" என்றாய். "மொதல்லயே பம்பப் பாத்திருக்கணும்லே. புகையில்லாம நிக்கி, இழுவ கொறையுதுன்னு தெரியுது. பில்டர ஏம்லே கழட்டுனேன்?" யாராக இருந்தாலும் பில்டரைத்தான் முதலில் கழற்றுவார்கள் என்றேன். நீ கேட்டுக்கொள்ளவில்லை. சொல்வதற்கில்லை என்ற வார்த்தைக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அதன் பிறகு எந்த வண்டி வந்தாலும் நீ முதலில் பீடு பம்பைக் கழற்ற ஆரம்பித்தாய். ரேடியேட்டர் கொதிக்கிறது என்று வந்தாலும் அதுதான், கிளட்ச் வழுக்குகிறது என்று வந்தாலும் அதுதான். ஒருநாள் நான் ஷெட்டில் இருந்தபோது குருவிகுளத்துக்காரர் ஒருவர், "வண்டி நீலமாப் பொகையுது, ஆயிலக் குடிக்குன்னு சொல்லுதேன். நீங்க என்ன அண்ணாச்சி பம்பக் கழட்டுதீய?" என்று கேட்டார். நீ ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு ஷெட்டுக்குப் போயின. கடைசியில் என் வண்டி மட்டும்தான் வந்தது.

என் மகள் லில்லியை நீ ஒரு நாளும் தூக்கவில்லை. அவள் நடக்க ஆரம்பித்து உன்னைப் பார்த்து ஓடி வந்தால் எழுந்து போய்விடுவாய். "அந்த மாமாவுக்கு என்னயப் பிடிக்காதா?" என்று கேட்பாள். கூச்சம் என்று சொல்லிவைத்தேன்.

ஷெட்டை மூடிவிட்டு இளையரசனேந்தலில் உன் தங்கை வீட்டுக்குப் போனாய். மழை பொய்த்த வருடங்கள். அங்கே எஞ்சின் என்று எதையும் நீ தொடவில்லை என்று உன் தங்கை சொன்னாள். மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடக்கிறாய் என்று சொல்லியனுப்பினாள். நான் லாரியை எடுத்துக்கொண்டு நேராக வந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. பாயிலிருந்து உன்னைத் தூக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"வேண்டாம் மக்கா" என்றாய்.

"பேசாம வா. ஆஸ்பத்திரி போற தூரந்தான்."

"வழியில நின்னுட்டா?"

"நிக்காதுலே. இப்பத்தான் வேல பாத்து எடுத்திருக்கேன். சத்தத்தக் கேளு."

நீ கேட்டாய். வெகு நேரம் கண்ணை மூடிக் கேட்டாய். "நல்லாத்தான் ஓடுது" என்றாய். பிறகு, "ஆனா நின்னா நீதாம்லா இறங்கிப் பாக்கணும். எதக் கழட்டுனாலும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்ப. நீ என்னய மாதிரி ஆவ வேண்டாம்" என்றாய்.

உன் தங்கை அழுதாள், நான் கெஞ்சினேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் விருப்பத்தை மீறித் தூக்க மறுபடியும் குனிந்தபோது, என்னிடம் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாய்: "தொடாதலே. இந்த ஒண்ணையாவது எனக்கு விடு." நான் கையை எடுத்துவிட்டேன். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போயிருப்பாய். உன்னை ஏற்றிக்கொண்டு போய் வண்டி வழியில் நின்றிருந்தாலும் நான் எப்படியோ வாழ்ந்திருப்பேன். ஒரு குறையும் இல்லாமல் உன் வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை என்ன செய்வதென்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.