பதில் வந்த தெரு

செப்டம்பர் 20, சனி

காலையிலிருந்தே புழுக்கம். முடிச்சூர் சமுதாயக் கூடம். மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது. பெண்கள் இருபது பேருக்கு மேல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று வகுப்பெடுத்தால் தூங்கிவிடுவார்கள். அதனால் வழக்கம்போல வேடம் போட்டு விளையாட்டு. நான் அரசு அலுவலர். மனுதாரராக நடிக்க யாரும் வரவில்லை. பின்னால் சிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நல்ல தொண்டை.

நான்: "சார் மீட்டிங்ல இருக்காரு. நாளைக்கு வாங்க."

ஸ்டெல்லா: "நாளைக்கு வந்தா நீ மீட்டிங்ல இருப்ப. பேப்பர வாங்கிகினு சீல் குத்திக் குடு, நான் போய்கினே இருக்கேன்."

கூடமே சிரித்தது.

கேள்வி: மழைநீர் வடிகால் ஏன் அவர்கள் தெரு முனையோடு நின்றுவிட்டது? வாசகம் எழுதியது நான். முடிந்ததும் யாரோ, "இத்த நெசமாவே அனுப்பினா இன்னா?" அனுப்பினோம். ஸ்டெல்லா கையெழுத்து, ஸ்டெல்லா முகவரி. தபால் நிலையம்வரை நானும் கூடப் போனேன். மனசு நிறைந்த நாள்.

கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர், ஆபீசுக்கு லேட். ஸ்டெல்லாவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ. பதில் வந்துவிட்டது. படிக்கும் முன்பே எங்கள் தொண்டு நிறுவன இயக்குநரிடம் காட்டிவிட்டேன். "சூப்பர். இந்த மாச ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடுங்க."

அப்புறம்தான் படித்தேன்.

அந்தத் தெரு இருக்கும் இடம் ஏரிக்குப் போகும் வாய்க்காலாம். புறம்போக்கு. அதனால் அங்கே வடிகால் கட்ட வழியில்லை. நிலத்தை அளக்கச் சொல்லி வருவாய்த் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். அளந்தால் தெரு முழுக்க வாய்க்கால் எல்லைக்கு உள்ளேதான், வீடுகளை இடிக்கச் சொல்வார்கள்.

போன் செய்தேன்.

"படிச்சேன் மேடம். புறம்போக்குன்னு போட்டுகீது. எங்களாண்ட பத்திரம் கீதே."

"பட்டா?"

"அதான் இல்ல."

 அவள் வீட்டு குக்கர் விசில் அடித்தது.

எத்தனையோ ஊரில் இந்த விளையாட்டை நடத்தியிருக்கிறேன். பதில் வந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், அதோடு முடியும். வந்த பதில் கேட்டவர் தலையிலேயே விழுந்தால் என்ன செய்வது? அதற்கு ஒரு காட்சி வைத்ததில்லை. தோன்றவே இல்லை.

ரிப்போர்ட் அனுப்பவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மாலை முடிச்சூர். மழை விட்டிருந்தது, தெருவில் கணுக்கால் தண்ணீர். ஸ்டெல்லாவின் எதிர்வீட்டு குமார் வாசலில் கூட்டம். குமார் ஏ.சி. மெக்கானிக். புதிதாக மாடி எடுத்திருக்கிறார், இன்னும் பெயின்ட்கூட அடிக்கவில்லை.

"இத்தினி வருசம் தண்ணி வந்துச்சு, எறச்சிகினு கெடந்தோம்," என்றார். "சும்மா இருந்த கவர்மென்ட்டுக்காரன தட்டி எழுப்பிட்டு வந்துகீது இந்தப் பொம்பள."

ஸ்டெல்லா: "தெருவுக்குன்னுதான கேட்டேண்ணா."

"உன்ன யாரு கேக்கச் சொன்னது?"

அங்கே நான் பேசியிருக்க வேண்டும். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு அம்மா நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். குடித்தேன். பிறகு, "வக்கீல்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று பொதுவாக ஏதோ சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

வக்கீல் சொன்னது: அளந்த உடனே இடித்துவிட முடியாது. நோட்டீஸ் வர வேண்டும். ஆட்சேபம் சொல்லலாம். மாற்று இடம் கேட்கலாம். நிச்சயம் என்று மட்டும் எதையும் சொல்லவில்லை.

இதைச் சொல்ல ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். குழாயடியில் அவளிடம் யாரும் பேசுவதில்லையாம். ஆனால் அவள் கவலை வேறு. கணவர் செல்வம் லாரி டிரைவர். ஒங்கோல் லோடு முடித்து நாளை வருகிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"மேடம், நீங்க அவரா இருங்க. நான் சொல்லிப் பாக்குறேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"என்ன?"

"அவரு அப்டிக் கேக்க மாட்டாரு. பேச்ச எடுத்தாலே சட்டைய மாட்டிகினு வெளிய பூடுவாரு."

அதனால் எழுந்து வெளியே போனேன். தண்ணீரில் நின்றேன். உள்ளே அவள் காலிக் கட்டிலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் தடவை பாதியில் அழுகை. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும். கடைசியில் குரல் தடுக்காமல் வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 25, சனி

தூறல். வாஷிங் மெஷின் மறுபடி மக்கர். தோசை மாவு தீர்ந்தது. பகல் முழுக்கக் கையில் போன்.

விளக்கேற்றும் நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன் மேடம்."

"வெளிய போயிட்டாரா?"

"போவல. சாப்டுகினே கேட்டாரு. கேள்விய எழுதிக் குடுத்தது யாருன்னு மட்டும்தான் கேட்டாரு. நான்தான்னுட்டேன். உங்கள இழுக்கல."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்க வேண்டும். "தேங்க்ஸ் ஸ்டெல்லா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. போனை வைத்ததும் பெரிய நிம்மதி. நிம்மதிப்பட்டதை நினைத்து, போட்ட சோற்றை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

விட்டுவிட்டு வெயில். தாம்பரத்தில் பஸ்ஸுக்கு வெகுநேரம். இரண்டு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

செல்வம் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். குமாரும் ஒரு கை கொடுத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அந்தக் கேள்விய எழுதினது நான். சும்மா உக்காந்திருந்த ஸ்டெல்லாவ எழுப்பி நிக்க வெச்சதும் நான்தான்."

குமார் மூட்டையைக் கீழே வைத்தார். "அன்னிக்கு டீ குடிச்சிகினு இருந்தீங்களே. அப்ப சொன்னா இன்னா?"

ஆமாம் என்று தலையாட்டி நின்றேன்.

செல்வம், "எனக்கு நேத்தே தெரியும் மேடம்," என்றார். "'உத்தேசிக்கப்பட்டுள்ளதா'ன்னு ஒரு வார்த்த கீது அந்த மனு காப்பில. எங்க வூட்ல யாருக்கு அது வரும்?"

திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். எப்போது அளப்பார்கள், மாற்று இடம் உண்டா என்று அடுத்த மனு போட வேண்டும். யார் பெயரில் போடலாம் என்று கேட்டேன். குமார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

செல்வம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பேர்லயே போடுங்க. பதில் உங்க வூட்டுக்கு வரட்டும்."

சரி என்றேன். ஸ்டெல்லா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.